சந்தை என்னைக்கு?

கொஞ்சம் நகந்து உக்காருங்க தம்பி. இல்ல இல்ல, சேவலை வெளிய எடுக்க வேண்டாம், அது பாட்டுக்கு சீட்டுக்கு அடியில கெடக்கட்டும். என் காலைக் கொத்தாம இருந்தாச் சரி. நெடுங்கண்மாய் சந்தைக்குத்தானே? கேக்கவே வேண்டாம். சனிக்கிழமை காலையில இந்த பஸ்ஸுல ரெண்டு சேவலோட ஏறுறவரு வேற எங்க போவாரு? எங்க ஊருதான் அது. பொறந்து வளந்த ஊரு. எங்க அம்மா அந்தச் சந்தையிலதான் வெண்டைக்கா வித்துச்சு. சனிக்கிழமை விடிஞ்சா போதும், கண்மாய்க்கரை பூரா மனுசத் தலைதான். ஊருல கைக்குழந்தையை எழுப்பிக் கேட்டாக்கூட சந்தை என்னைக்குன்னு சொல்லிரும்.

வெள்ளைச் சட்டையைப் பாத்துட்டுக் கட்சிக்காரன்னு நெனச்சிராதீங்க. நான் வக்கீலு. பேரு சேவுகமூர்த்தி. ஹைகோர்ட்டுல அரசாங்க வக்கீல். அரசாங்கத்து மேல எவன் கேஸ் போட்டாலும், அரசாங்கம் சார்பா எந்திரிச்சு நிக்கிறவன் நான். கார் இல்லையான்னு பாக்குறீங்க. இருக்கு. அரசு வக்கீல்னு போர்டு வச்ச காரு. ஆனா அந்தக் காரு சந்தைக்குள்ள வந்தா, நான் பாக்கப் போற பொம்பள கடையைச் சுருட்டிக்கிட்டு எந்திரிச்சிருவா. அதான் பஸ்ஸு. பஸ்ஸுல போயி எத்தனையோ வருசமாச்சு. பரவால்ல, காத்து நல்லா வருது.

தங்கபுஷ்பம்னு பேரு. தெரியுமா? மில்லுக்காரம்மா. முன்னாடி மில்லுக்காரம்மா. கண்மாய்க்கரையில மாவுமில்லு இருந்துச்சே, நீங்க பாத்திருப்பீங்க. தகரக் கொட்டாய், பச்சைக் கதவு. ம்... அதேதான். இப்ப சந்தையில தரையில சாக்கை விரிச்சு மிளகாத்தூள் பாக்கெட் விக்கிறா. வேற மில்லுல அரைச்சு வாங்கி வந்து விக்கிறா. அவளைப் பாக்கத்தான் போறேன். அவளுக்கு நல்லது பண்ணத்தான் போறேன். அதை அவ நம்பணுமே, அங்கதான் சிக்கலு.

ஹைகோர்ட்டுல என்ன நடக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும். கத்துறது, மேசையைத் தட்டுறது எல்லாம் கெடையாது தம்பி. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் கேஸு வந்துக்கிட்டே இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் ஜட்ஜு தலையைத் தூக்கி எங்க பக்கம் பாப்பாங்க. "அரசுத் தரப்பு என்ன சொல்றீங்க?" நான் எந்திரிச்சு, "அதிகாரிகிட்டப் பேசிட்டேன், இந்தம்மா பென்ஷனை ரெண்டு வாரத்துல போட்டுருவாங்க"ம்பேன். ஜட்ஜு அதை எழுதிக்குவாங்க. கேஸ் முடிஞ்சது. ஒரு குடும்பத்துல அடுப்பெரியும். அதுக்குத் தாளு கெடையாது, கையெழுத்து கெடையாது, என் வாயில வந்த வார்த்தை மட்டுந்தான்.

அதேமாதிரி ஒருத்தன் பதறி ஓடி வருவான். வீட்டை இடிக்க வர்றாங்க, தடை உத்தரவு வேணும்னு. ஜட்ஜு எங்கிட்டக் கேப்பாங்க, தடை எழுதட்டுமா, இல்ல நீங்களே பாத்துக்குறீங்களான்னு. "அடுத்த வாய்தா வரைக்கும் தொட மாட்டாங்க"ன்னு நான் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். தடையே எழுத மாட்டாங்க. அரசாங்கத்துக்கும் மூக்கு அறுபடாது, அவன் வீடும் நிக்கும். ஆனா இந்த மரியாதை எல்லா அரசு வக்கீலுக்கும் கெடைக்கும்னு நெனைக்காதீங்க. சில பேரு எந்திரிச்சாலே ஜட்ஜு, "எழுத்துல போடுங்க"ம்பாங்க. அவன் வாயைத் தொறக்குறதுக்கு முன்னாடியே அப்படிம்பாங்க. பாக்கப் பாவமா இருக்கும். நான் அந்த ரகம் இல்ல. நான் ஜஸ்டிஸ் அமலோற்பவம் கோர்ட்டுல எந்திரிச்சா, அந்தம்மா பேனா மூடியைக் கழட்டிருவாங்க. எழுதத் தயாராயிருவாங்க.

அது எப்படி வந்துச்சுன்னு சொல்றேன் கேளுங்க. நம்ம நெடுங்கண்மாய் சந்தையை வச்சுத்தான் வந்துச்சு. வேடிக்கையப் பாருங்க. சந்தையை ஏலம் எடுத்தவன் தலைச்சுமையா வர்ற பொம்பளைககிட்டயும் வரி போடலாம்னு ஒரு ஆர்டர் போட்டுட்டாங்க. அதை எதுத்து கேஸு. நான் அந்த ஆர்டரைத் தாங்கிப் பேசணும். ஃபைலைப் படிச்சேன், மனசு ஒப்பல. எந்திரிச்சு நின்னேன். "மை லேடி, இந்த ஆர்டர் தப்பு. என்னால இதுக்காகப் பேச முடியாது. அது எங்க ஊர்ச் சந்தை. எங்க அம்மா சனிக்கிழமை தவறாம அங்க வெண்டைக்கா வித்துத்தான் என்னைப் படிக்க வச்சாங்க. தலைச்சுமைக்கு அங்க என்னைக்கும் வரி இருந்ததில்ல"ன்னேன். அந்தம்மா பேனாவைக் கீழ வச்சுட்டு என்னைப் பாத்தாங்க. அப்புறம் சொன்னாங்க, "அரசாங்கத்துக்கு இந்த மாதிரி வக்கீல் இருக்குறது நல்லது"ன்னு. இங்கிலீஷ்லதான். கோர்ட்டுல எல்லாம் இங்கிலீஷ்தான், உங்களுக்காகத் தமிழ்ல சொல்றேன்.

அன்னைக்கு அதிகாரிங்க எம்மேல கோவப்பட்டாங்க. எனக்கு அதைப் பத்தி என்ன? அதுக்கப்புறம் அந்தக் கோர்ட்டுல என் வார்த்தைக்கு இருந்த மதிப்பை நீங்க பாத்திருக்கணும். எதிர்த்தரப்பு வக்கீலுங்களே, "சேவுகமூர்த்தி சார் சொல்லிட்டா எங்களுக்கு ஆட்சேபனை இல்ல"ம்பாங்க. வீட்டுக்கு வந்து சாப்புடும்போது எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். அவளும் கேட்டுக்குவா. எத்தனையாவது தடவைன்னு மட்டும் கேப்பா.

சரி. தங்கபுஷ்பம் கதைக்கு வர்றேன். கண்மாய் ஆக்கிரமிப்பை எடுக்கணும்னு மேலேருந்து உத்தரவு. தாசில்தார் கரை ஓரமா இருக்குற எல்லாத்துக்கும் நோட்டீஸ் குடுத்துட்டாரு. அதுல இவ மில்லும் ஒண்ணு. இவ மில்லு பட்டா எடம். நியாயமாப் பாத்தா அளந்து பாத்துட்டுத்தான் கைய வைக்கணும். இவ பானுன்னு ஒரு சின்ன வக்கீலைப் புடிச்சு ஹைகோர்ட்டுக்கு வந்துட்டா. ஒரு வெள்ளிக்கிழமை. அவசரக் கேஸுன்னு மத்தியானமே எடுத்தாங்க. பின்னாடி செவுத்தோரமா நின்னுக்கிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் கையெடுத்துக் கும்புட்டா. எங்க அம்மா இட்லிக்கு, இடியாப்பத்துக்கு எல்லாம் அரைச்சது அவ மாமனார் காலத்து மில்லுலதானே, தெரிஞ்ச மொகம்.

ஜட்ஜம்மா கேட்டாங்க, "மிஸ்டர் சேவுகமூர்த்தி, தடை எழுதட்டுமா?" நான் எந்திரிச்சு, "தேவையில்ல மை லேடி. திங்கக்கிழமை வரைக்கும் தொட மாட்டாங்க. அதுக்குள்ள தகவல் வாங்கிச் சொல்றேன்"ன்னேன். சரின்னுட்டாங்க. தடை எழுதல. பானு கூட மறுபேச்சுப் பேசல. வெளிய வராந்தாவுல தங்கபுஷ்பம் வந்து நின்னா. "அண்ணே, அப்ப நான் மோட்டாரைக் கழட்டி வச்சிரவாண்ணே? எந்தம்பி வண்டியோட வர்றேங்கிறான்"னு கேட்டா. "போம்மா, நான் சொல்லியிருக்கேன்ல, நாளைக்குச் சந்தை நாளு, போயி யாவாரத்தைப் பாரு"ன்னேன். "நீங்க சொன்னாப் போதும்ணே"ன்னுட்டு நிம்மதியாப் போனா.

அப்புறந்தான் தாசில்தாருக்குப் போன் போட்டேன். ஆமா, அப்புறந்தான். முன்னாடி எங்க நேரம்? கோர்ட்டுல ஜட்ஜு கேக்குறாங்க, ஒரு நிமிசம் இருங்க போன் போட்டுட்டு வர்றேன்னு சொல்ல முடியுமா? என் வார்த்தை மேல எனக்கு நம்பிக்கை. போன்ல விசயத்தைச் சொன்னேன். அவரு, "பாத்துக்கலாம் சார்"ன்னாரு. பாத்துக்கலாம்னா என்ன அர்த்தம் தம்பி? நம்ம பக்கத்துல சரின்னுதானே அர்த்தம்? நீங்க யாருகிட்டயாவது பாத்துக்கலாம்னு சொன்னா என்ன அர்த்தத்துல சொல்வீங்க?

ம்... சிரிக்காதீங்க.

மறுநாளு, சந்தை நடந்துக்கிட்டு இருக்கு, ஜேசிபியைக் கொண்டாந்து மில்லை இடிச்சுட்டாங்க. மேலேருந்து வெரட்டியிருக்காங்க, தாசில்தாரு என்ன பண்ணுவாரு. மெஷினு, மோட்டாரு, ஊறவச்ச அரிசி எல்லாம் உள்ள. மத்த பொம்பளையா இருந்தா வெள்ளிக்கிழமையே எல்லாத்தையும் கழட்டி வண்டியில ஏத்தியிருப்பா. பக்கத்துக் கொட்டாய்க்காரன் எல்லாம் ஏத்திட்டான். இவ கழட்டல. நான் சொன்னேன்னு கழட்டல. மெஷின் நசுங்கிப் போச்சு. அவ்வளவு வெகுளியா இருந்தா நான் என்ன தம்பி பண்றது?

திங்கக்கிழமை காலையில தாசில்தாரு கோர்ட்டுக்கே வந்துட்டாரு. வராந்தாவுல எம்பக்கத்துல வந்து, "சார், வெள்ளிக்கிழமை காலையிலேயே எடுத்துட்டோம். கோர்ட்டுல கேஸு வர்றதுக்கு முன்னாடியே. போட்டோ இருக்கு"ன்னு கவரை நீட்டினாரு. மொகமெல்லாம் வேர்த்து ஊத்துது. நான் அவரைப் பாத்தேன். "வெள்ளிக்கிழமை காலையிலயா?"ன்னேன். "ஆமா சார், அப்படியே சொல்லிருங்க சார்"ன்னாரு. என்னைப் பொறுத்தவரைக்கும் அதிகாரி சொல்றதுதான் தகவலு. அதிகாரி சொன்னதை நான் கோர்ட்டுல சொல்றேன். அதுக்கு மேல போயித் தோண்டுறது என் வேலையா? ரெண்டு பொம்பளப் புள்ளை அவருக்கு. மூத்ததுக்குக் கல்யாணம் பேசியிருக்காரு. கோர்ட்டு வார்த்தையை மீறி இடிச்சாருன்னு வந்தா வேலை போயிரும்.

எந்திரிச்சு அப்படியே சொன்னேன். "மை லேடி, வெள்ளிக்கிழமை காலையிலேயே எடுத்துட்டாங்களாம். நான் உறுதி சொன்னப்ப எனக்குத் தகவல் வந்து சேரல"ன்னேன். போட்டோவையும் மேல குடுத்தேன். அந்தம்மா நம்பிட்டாங்க தம்பி. என் கண்ணால பாத்தேன், நம்பிட்டாங்க. இடிச்சு முடிஞ்சதுக்கு இனி தடை கேட்டுப் பிரயோசனம் இல்லன்னு கேஸை முடிச்சு எழுதப் போனாங்க. பேனா மூடியைக் கழட்டிட்டாங்க. பானு பொண்ணு என்னமோ சொல்ல வந்துச்சு, "சேவுகமூர்த்தி சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு அதை உக்கார வச்சுட்டாங்க.

எழுதிக்கிட்டே அந்தப் போட்டோவைத் திருப்பிப் பாத்தாங்க. பாத்தவங்க நிறுத்திட்டாங்க. இன்னொரு போட்டோவைப் பாத்தாங்க. நானும் எட்டிப் பாத்தேன். ஜேசிபி நிக்குது, தகரம் சரிஞ்சு கெடக்குது, எல்லாம் சரிதான். பின்னாடி கண்மாய்க்கரை பூரா சனம். குடை, தக்காளிக் குவியல், கருவாட்டுக் கூடை. உங்களை மாதிரி ஒருத்தரு சேவலைத் தலைகீழாப் புடிச்சுக்கிட்டு இடிக்கிறதை வேடிக்கை பாக்குறாரு.

அந்தம்மா என்னைப் பாத்துத் தமிழ்ல கேட்டாங்க. அவங்க கோர்ட்டுல தமிழ் பேசி நான் கேட்டதே இல்ல. "மிஸ்டர் சேவுகமூர்த்தி, நெடுங்கண்மாய்ல சந்தை என்னைக்கு?"

"தெரியல மை லேடி. விசாரிச்சுச் சொல்றேன்"ன்னேன்.

தமிழ்ல கேட்டதுனாலதான் வினை. பின்னாடி நின்ன தங்கபுஷ்பத்துக்குப் புரிஞ்சு போச்சு. அங்கேருந்து சத்தமா, "சனிக்கிழமை தாயி! அண்ணனுக்குத் தெரியுமே!"ன்னுட்டா. அவ என்னைக் காட்டிக் குடுக்கணும்னு சொல்லல தம்பி, அதுதான் கொடுமை. எனக்கு ஞாபகம் இல்லாமப் போச்சாக்கும்னு, எடுத்துக் குடுக்குற மாதிரி சொன்னா. ஜட்ஜம்மா அவளைத் திரும்பியே பாக்கல. என்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் பேனா மூடியை எடுத்து மெதுவாத் திருகி மூடுனாங்க. "தாசில்தாரை எழுத்துல பதில் மனு போடச் சொல்லுங்க"ன்னாங்க. அடுத்த கேஸைக் கூப்புட்டுட்டாங்க.

என்ன? நான் ஏன் தெரியலன்னு சொன்னேனா? நீங்களும் அதையே கேக்குறீங்க பாருங்க. எம் பொண்டாட்டியும் அதைத்தான் கேட்டா. யோசிச்சுப் பாருங்க தம்பி. தெரியும்னு சொன்னா தாசில்தார் கதி என்ன? அரசாங்கம் என் கட்சிக்காரன். கட்சிக்காரனை நானே எப்படி மாட்டி விடுவேன்? அதோட சந்தைன்னா சனிக்கிழமை மட்டுந்தானா? தீபாவளிக்கு முன்னாடி வெள்ளிக்கிழமையும் கூடும். கூடும்ல? அது தீபாவளி சமயம் இல்லதான். ஒரு பேச்சுக்குச் சொல்றேன். தெரியலன்னு ஒரு வார்த்தை. அது ஒரு பொய்யா? அதுக்கு முன்னாடி எத்தனை கேஸுல உண்மையைச் சொல்லியிருக்கேன், அதையெல்லாம் எங்க கொண்டு போயி வைக்கிறது? ஒரு சந்தை நாளை வச்சு ஒரு மனுசனை எடை போடலாமா?

திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். சத்தியமாச் சொல்றேன், அன்னைக்கு எல்லாருக்கும் முன்னாடி என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தா, வீட்டுக்குப் போயிச் சாப்புட்டுட்டுத் தூங்கியிருப்பேன். அந்தம்மா திட்டவே இல்ல. ஒரு வார்த்தை கூடச் சொல்லல. தாசில்தாரை வேற ஊருக்கு மாத்துனாங்க, அவரு பாட்டுக்குப் போயிட்டாரு. பொண்ணு கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை கூட வைக்கல. என் கதைதான் அங்கேயே நின்னு போச்சு.

மறுநாள்லேருந்து பாக்குறேன். நான் எந்திரிச்சா அந்தம்மா பேனாவைத் தொடுறதே இல்ல. "எழுத்துல போடுங்க." பென்ஷன் கேஸா, "எழுத்துல போடுங்க." ரேஷன் கார்டா, "எழுத்துல போடுங்க." அதையும் மரியாதையாத்தான் சொல்லுவாங்க, மிஸ்டர் சேவுகமூர்த்தின்னு பேரு சொல்லித்தான் சொல்லுவாங்க. எனக்கு அடுத்தாப்ல நேத்து வந்த ஒரு அரசு வக்கீல், மீசை கூட சரியா மொளைக்கல, அவன் எந்திரிச்சு "ரெண்டு வாரத்துல செஞ்சுருவாங்க மை லேடி"ங்கிறான், மூடி கழலுது. எனக்கு வயிறு எரியும் தம்பி. எரிஞ்சுது. இன்னைக்கும் எரியுது.

அந்தம்மாவோட நின்னாத் தேவலை. ஜட்ஜுங்க மத்தியானம் ஒண்ணா உக்காந்து சாப்புடுறவங்க. அந்தம்மா சொன்னாங்களோ, கோர்ட்டுல நின்னவங்க சொன்னாங்களோ, எனக்குத் தெரியாது. வேற கோர்ட்டுலயும் அதே கதை ஆயிருச்சு. எதிர்த்தரப்பு வக்கீலுங்க என்னைப் பாத்ததும், "தடையை எழுதிக் குடுத்துருங்க மை லார்ட், வார்த்தை வேண்டாம்"ங்கிறாங்க. என் மொகத்துக்கு நேராச் சொல்றாங்க. நேத்து வரைக்கும் என் கூட டீ குடிச்சவங்க. இப்பயும் டீ குடிப்பாங்க, அதெல்லாம் ஒண்ணும் கொறையில்ல. வார்த்தையை மட்டும் வாங்கிக்க மாட்டாங்க.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன். இதைக் கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க. கொஞ்ச நாள் கழிச்சு கலெக்டரு எனக்குப் போன் போட்டாரு. நல்ல மனுசன். "சார், அந்த மில்லு விசயம் எனக்கே உறுத்தலா இருக்கு. சந்தையில புதுசாக் கட்டுற கட்டடத்துல அந்தம்மாவுக்கு ஒரு கடை ஒதுக்கிரலாம். மில்லு வச்சுக்கட்டும். கோர்ட்டுல சொல்லிருங்க"ன்னாரு. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? கண்ணுல தண்ணி வந்துருச்சு. கோர்ட்டுக்குப் போறப்ப, எங்க அம்மாவுக்குப் பரீட்சை மார்க்கைச் சொல்ல ஓடுவேனே, அப்படி ஓடுனேன்.

எந்திரிச்சுச் சொன்னேன். "மை லேடி, அரசாங்கம் அந்தம்மாவுக்குக் கடை குடுக்குது. கலெக்டரே சொல்லிட்டாரு." அந்தம்மா கேட்டுக்கிட்டாங்க. "ரொம்ப சந்தோசம். கலெக்டர் கையெழுத்தோட எழுத்துல போடுங்க"ன்னாங்க. நான் விடல. "மை லேடி, எழுத்துல வர நாளாகும். என் வார்த்தையைப் பதிவு பண்ணிக்கிட்டீங்கன்னா அதுவே உத்தரவாயிரும். அப்புறம் யாராலயும் மாத்த முடியாது"ன்னேன். அது உண்மை தம்பி. எழுதிட்டா மாத்த முடியாது. அந்தம்மா என்னைப் பாத்தாங்க. "முன்னாடின்னா எழுதியிருப்பேன், மிஸ்டர் சேவுகமூர்த்தி"ன்னாங்க. கோவமாச் சொல்லல. வருத்தமாத்தான் சொன்னாங்க. நான் உக்காந்துட்டேன்.

கலெக்டர்கிட்ட எழுத்துல கேட்டு ஃபைல் போச்சு. ஃபைல் மேசைக்கு மேசை நகர்றதுக்குள்ள கலெக்டரை மாத்திட்டாங்க. புதுசா வந்தவரு, "அப்படி எதுவும் ஃபைல்ல இல்லையே, சார்"ங்கிறாரு. எப்படி இருக்கும்? போன்லல்ல சொன்னாரு. இப்ப சொல்லுங்க. அன்னைக்கு அந்தம்மா பேனாவை எடுத்து ஒரே ஒரு வரி எழுதியிருந்தா, இன்னைக்குத் தங்கபுஷ்பம் கடையில உக்காந்து மாவு அரைச்சுக்கிட்டு இருப்பா. அவ தரையில உக்காந்திருக்கான்னா அதுக்கு யாரு காரணம்? நான் உண்மையைத்தானே சொன்னேன்? அன்னைக்கு நான் சொன்னது அத்தனையும் உண்மை. உண்மையைச் சொல்லியும் நம்பலன்னா, அந்தத் தப்பு யாரோடது?

சேவல் கயிறு அவுந்துருச்சு போல, பாருங்க. ஆங், கட்டுங்க கட்டுங்க.

அதோட நான் விட்டுட்டேன்னு நெனைக்காதீங்க. புதுக் கலெக்டரை நாலு தடவை போயிப் பாத்தேன். கடைசியில எறங்கி வந்தாரு. "கேஸு கோர்ட்டுல இருக்குறப்ப நான் எப்படிக் கடை குடுக்குறது? அந்தம்மா மொதல்ல கேஸை வாபஸ் வாங்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்"னாரு. எழுத்துல குடுங்கன்னு கேட்டேன். "எழுத்தெல்லாம் என்னத்துக்கு சார், நான் சொல்றேன்ல"ன்னாரு. நல்லவராத்தான் தெரியுறாரு. பேசுறப்ப கண்ணைப் பாத்துப் பேசுனாரு. எனக்கு நம்பிக்கை இருக்கு. அதான் வாபஸ் மனுவை டைப் அடிச்சு இந்தப் பையில வச்சிருக்கேன். தங்கபுஷ்பம் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். கேஸை எடுத்துருவோம், கடை வந்துரும். நான் திங்கக்கிழமை கோர்ட்டுல எந்திரிச்சு, எல்லாம் சுமுகமா முடிஞ்சுருச்சு மை லேடின்னு சொல்லுவேன். அந்தம்மா மூடியைக் கழட்டுவாங்க. கழட்டித்தானே ஆகணும்?

கடை வரலன்னாவா? வரும் தம்பி. அவரு சொல்லியிருக்காரு. என்ன நீங்க, ஜட்ஜு மாதிரியே கேக்குறீங்க.

தங்கபுஷ்பத்துக்கிட்ட ரெண்டு தடவை ஆள் விட்டுப் பாத்தேன். "அண்ணன் சொன்னாகளா? நல்லது"ன்னு மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாளாம். திட்டுனா, மண்ணை வாரித் தூத்துனான்னு சொன்னாக்கூட எனக்கு ஆறுதலா இருந்திருக்கும். நல்லதுன்னாளாம். அதுல இருந்து எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. நான் நேரா வந்து சொல்லணும். அவ மூஞ்சியைப் பாத்துச் சொல்லணும். எங்க அம்மா கடை போட்ட எடத்துலதான் அவ சாக்கு விரிச்சிருக்காளாம், அந்தப் புளியமரத்தடியில.

தம்பி, நான் ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எப்படியும் சந்தைக்குத்தானே போறீங்க. எங்கூட ஒரு அஞ்சு நிமிசம் அவகிட்ட வந்து நில்லுங்க. ஒண்ணும் பேச வேண்டாம். "இவரு நல்ல மனுசந்தாம்மா, பஸ்ஸுல வர்றப்ப எல்லாத்தையும் மனசு விட்டுச் சொன்னாரு, கையெழுத்தைப் போடு"ன்னு ஒரே ஒரு வார்த்தை. உங்களுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, அதான் நல்லது. சம்பந்தம் இல்லாத ஆளு சொன்னா நம்புவா. என்னைத் தெரியாதேங்கிறீங்களா? அதனாலதான் தம்பி கேக்குறேன். தெரிஞ்சவன் எவனும் வர மாட்டேங்கிறான். உங்க சேவல் ரெண்டையும் நானே வாங்கிக்கிறேன், நல்லாத்தான் இருக்கு. வெலை நீங்க சொல்றதுதான்.

என்ன, எந்திரிக்கிறீங்க? இது முத்தன்பட்டிக்குப் பிரியுற விலக்கு ஸ்டாப்புல்ல. சந்தை இன்னும் தள்ளியில்ல இருக்கு. இங்க எறங்கணுமா? ஒரு ஆளைப் பாக்கணுமா? சேவலோடயா? இல்ல, ஏறுறப்ப சந்தைக்குன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு, அதான் கேட்டேன். சரி சரி. பாத்து எறங்குங்க. கால்ல கயிறு சுத்துது பாருங்க.

கண்டக்டரே, ஒரு நிமிசம். அந்தச் சேவல்காரரு எதுவரைக்கும் டிக்கெட் வாங்குனாரு?

நெடுங்கண்மாய்க்கா.

இல்ல, ஒண்ணுமில்ல. சும்மாதான் கேட்டேன். அவசர வேலை இருக்குன்னாரு. விலக்குலயேதான் நிக்கிறாரு பாருங்க, சேவலைக் கீழ வச்சுட்டு, நாம வந்த பக்கமே பாத்துக்கிட்டு. அடுத்த பஸ்ஸு இப்ப வந்துருமா?

சரி, விசிலை ஊதுங்க. போகலாம்.